ரெண்டரை என்று உனக்குப் பேர் வந்தது என்னால்தான்

மணி ஒன்று ஐம்பது. பயிற்சிக் கூடத்தில் அறுபது நாற்காலி போட வைத்துவிட்டு, கடைசி வரிசையில் நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். கைப்பேசி இப்போதுதான் 'டிங்' என்றது. கூட்டத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறதாம். இந்த நினைவூட்டலை வைத்ததே நான்தான். ஒரு மணி நேரம் முன்னால் ஒன்று, நாற்பது நிமிடம் முன்னால் ஒன்று, கால் மணி முன்னால் ஒன்று. வைத்தவளே ஒவ்வொரு டிங்குக்கும் எழுந்து வாசலைப் பார்க்கிறேன். நீ இருந்திருந்தால், "இன்னாமே, உன் போனுக்கு விக்கலா? தண்ணி குடு" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாய்.

கை சும்மா இருந்தால் நகத்தைக் கடித்தே தீர்த்துவிடுவேன். உனக்குத்தான் தெரியுமே. அதனால் நிகழ்ச்சி நிரல் அச்சடித்து மிஞ்சிய தாள்களின் பின்பக்கத்தில் உனக்கு எழுதுகிறேன். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து நான்காம் முறை பார்க்கிற ஜென்மம் நான். அப்படிப்பட்டவள் ஒரே ஒருநாள் பார்க்காமல் விட்டேன். அந்த ஒருநாள்தான் உன் தலையில் விடிந்தது.

நீ எங்கள் ரசாயன ஆலையின் அலுவலகத்துக்குத் துப்புரவு வேலைக்கு வந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்ற ஒரு காலை. பாதிப் பேர் வந்து சேரவில்லை. நீ மட்டும் சாலையைத் தாண்டினால் உன் மீனவக் குப்பம் என்பதால் சரியான நேரத்துக்கு வந்து, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் தோளுக்குப் பின்னால் நின்று கணினியைப் பார்த்தாய். மேனேஜருக்குக் கூட்டம் வைப்பதும், மாற்றுவதும், ஆள் சேர்ப்பதும்தான் என் வேலை. திரை முழுக்க காலண்டர் விரிந்து கிடந்தது.

"இன்னாமே இது, ஒரு நாள்ல இம்மாம் பொட்டி பொட்டியா கீது?"

"ஒவ்வொண்ணும் ஒரு மீட்டிங். இங்கேருந்து இன்வைட் அனுப்பினா அவங்க போன்ல போய் நிக்கும். பச்சைன்னா வரேன்னு சொல்லிட்டாங்க. கோடு கோடா இருந்தா, வந்தாலும் வருவாங்க. வெள்ளைன்னா பதிலே இல்ல."

"வரேன்னு சொன்னவன்லாம் வந்துடுவானா?"

"பாதிப் பேர் வருவாங்க."

நீ சிரித்த சிரிப்பில் மேனேஜர் அறைக் கதவு திறந்தது. பிறகு நாம் தேநீர் போடும் இடத்தில் நின்றபடி உங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னாய். ஊர்க்கூட்டம் என்றால் முதல் நாள் சாயந்திரம் ஒருத்தர் வீடு வீடாகப் போய் வாசலில் நின்று சொல்வாராம். உள்ளேயிருந்து "கேட்டுகினேன்" என்று குரல் வந்தால்தான் அடுத்த வீட்டுக்கு நகர்வாராம். "வரேன்" என்று யாரும் சொல்வதில்லையாம்.

"கடலுக்குப் போறவன், இத்தினி மணிக்கு வந்து நிக்கறேன்னு எப்டிமே சொல்லுவான்? கேட்டுகினேன்னு சொல்லலாம். அது அவன் கைல கீது."

எனக்கு அது அன்று புரியவில்லை. பச்சை வேண்டும் எனக்கு. பச்சை வராத இன்வைட்டைப் பார்த்துக்கொண்டே இரவெல்லாம் விழித்திருக்கிற ஆள் நான்.

அப்புறம் அந்த மாலை வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கிருந்தோ வாயு கசிந்து உங்கள் குப்பத்துக்குள் இறங்கியது. எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று கடைசி வரை யாரும் சொல்லவில்லை. கண் எரிந்து, தொண்டை அடைத்து, ஊரே தெருவில் இறங்கி ஓடியது. எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை. இளைப்பு உள்ள மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நீ ஓடியது வாயு வந்த திசையை நோக்கியே. பிள்ளை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

மூன்றாம் நாள் நீ வேலைக்கு வந்தாய். பக்கெட்டைக் கூட எடுக்காமல் நேராக என் மேசைக்கு வந்தாய்.

"உள்ள கீற உங்களுக்கு வாயு கசிஞ்சா ஊதற சங்கு கீது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காட்ற துணி கீது. எங்க போய் நிக்கணும்னு போர்டு கீது. செவுத்துக்கு அந்தாண்ட கீற எங்களுக்கு இன்னாமே கீது? எங்க தெருவாண்ட ஒரு சங்கு வெச்சுக் குடுக்கச் சொல்லு. அது ஊதுனா எந்தப் பக்கம் ஓடணும்னு ஒரு தபா சொல்லிக் குடுக்கச் சொல்லு. வேற ஒண்ணும் வாணாம்."

நான் மேனேஜரிடம் சொன்னேன். அவர் சிங்கப்பூர் தலைமை அலுவலகத்தில் பாதுகாப்புப் பிரிவு அதிகாரியிடம் சொன்னார். அவர்களும் மக்களோடு ஒரு கூட்டம் வைத்துப் பேசலாம் என்றார்கள். கூட்டம் என்றால் என் காலண்டர். ஐந்து முறை நாள் குறித்தோம், ஐந்து முறையும் யாராவது ஒருத்தர் வேறு நேரம் கேட்டுத் தள்ளிப் போட்டார்கள். நீ மட்டும் ஒன்றில் பிடிவாதமாக இருந்தாய். "உறுதியானப்புறம் சொல்லு. ஊரை ஒரு தபாதான் கூப்புடுவேன். கூப்ட்டுட்டு இல்லேன்னு சொன்னா மதிக்க மாட்டாங்கோ." எந்த நேரம் வசதி என்று கேட்டேன். காலையில் படகு கரைக்கு வரும், ஏலம் நடக்கும், பிறகு பெண்கள் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போய் மதியம்தான் திரும்புவார்கள் என்றாய். "ரெண்டு, ரெண்டரைன்னா ஊரே வரும்."

ஒருநாள் மின்னஞ்சல் வந்தது. வியாழக்கிழமை, 2.30. எனக்கு ஆனந்தத்தில் கை கால் ஓடவில்லை. நீ கேட்ட நேரமே கிடைத்துவிட்டதே! உடனே ஒரு தாளில் தமிழில் பெரிய எழுத்தில் அடித்து உன் கையில் கொடுத்தேன். நீ அன்று சாயந்திரமே அறுபது வாசலிலும் நின்று சொன்னாய்.

அந்த 2.30 சிங்கப்பூர் நேரம். நம் ஊருக்கு அது பகல் பன்னிரண்டு. காலண்டர் தானாகவே பன்னிரண்டு மணிக் கட்டத்தில் அந்த இன்வைட்டைச் சரியாக உட்கார வைத்திருந்தது. மேனேஜரின் கைப்பேசியிலும் பன்னிரண்டு என்றே இருந்தது. நான் காலண்டரைத் திறக்கவில்லை. மின்னஞ்சலில் எழுதியிருந்த எண்ணை மட்டும் பார்த்தேன், அதோடு சரி. அடுப்பை நான்கு முறை பார்க்கிறவளுக்கு அன்று என்ன கேடு வந்தது?

வியாழக்கிழமை காலை அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். அங்கே கைப்பேசியின் சத்தத்தை அணைத்து வைத்தேன். ஒன்றரைக்கு அலுவலகம் வந்தபோது மேனேஜர் தன் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உங்க ஆளுங்க ஒருத்தரும் வரலையே. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சிங்கப்பூர்ல கட் பண்ணிட்டாங்க" என்றார். சிங்கப்பூருக்கு அறிக்கையும் அதற்குள் போய்விட்டது. பொதுமக்கள் தரப்பில் யாரும் கலந்துகொள்ளவில்லை என்று ஒரே வரி. எனக்கு நின்ற இடத்திலேயே உயிர் போய்விட்டது. உன்னைத் தேடி ஓடினேன். ஊரை அழைத்துவர நீ அன்று விடுப்பு எடுத்திருந்தாய்; போன் போட்டும் எடுக்கவில்லை.

ரெண்டரைக்கு வாசலில் ஐம்பது பேர் நின்றார்கள். பெண்கள் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் வந்திருந்தார்கள். ஆண்கள் தலை வாரி, சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார்கள். "அது பன்னெண்டு மணிக்கே முடிஞ்சிடுச்சேம்மா" என்றார் காவலாளி.

உங்கள் கிராமத் தலைவர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாமே இது? ஏவாரத்தைச் சீக்கிரம் முடிச்சுட்டு வந்து நிக்கறோம். எங்களை இன்னா கேனைன்னு நெனச்சியா?"

நான் கதவுக்கு உள்பக்கம் நின்றிருந்தேன். கதவைத் திறந்து வெளியே வந்திருக்கலாம், வரவில்லை. நீ அத்தனை தலைகளுக்கு மேலே என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு அந்த ஒரே தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாய்.

"எம்மேலதாம்பா தப்பு. அவங்கோ பன்னெண்டுன்னுதான் சொன்னாங்கோ. நான்தான் ரெண்டரைன்னு சொல்லிட்டேன்."

மறுநாள் தேநீர் போடும் இடத்தில் உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், ஏன்டி அப்படிச் சொன்னாய் என்று. நீ அந்தத் தாளைச் சுக்கு நூறாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாய். "உனுக்கு வருசா வருசம் காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும். இது தெரிஞ்சா உன் வேலை பூடும்மே. எனுக்கு இன்னா பூடும்? நாலு நாள் திட்டுவாங்கோ. அப்பாலிக்கா மறந்துடுவாங்கோ."

அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதும்போது அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

அவர்கள் மறக்கவில்லை. உனக்குப் பேர் வைத்தார்கள். நம் பக்கத்தில் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் ரேஷன் கார்டில் உள்ள பேரை எவனும் சீண்ட மாட்டான். மீன் வாங்கப் போனால் "ரெண்டரை வந்துட்டா, மணி இன்னா பாரு" என்றார்கள். உன் மகளைப் பள்ளிக்கூடத்தில் "ரெண்டரை பொண்ணு" என்றார்கள். நீயே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாய். நானும் கூடச் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன்.

நாளைக்குச் சொல்லிவிடலாம், அடுத்த மாதம் காண்ட்ராக்ட் புதுப்பித்ததும் சொல்லிவிடலாம் என்று ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினேன். உனக்குக் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகில் கூட அதைத்தான் சொல்ல வந்தேன். "நான் உங்க ஊர்ல உண்மையைச் சொல்லிடறேன்" என்றேன். நீ கண்ணைத் திறக்காமலே, "மொதல்ல சங்கை வாங்கிக் குடு, பேரு கெடக்குது" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது.

உன் சாவுக்கு வந்தபோது தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மஞ்சள் புடவையில் நீ. மேலே கண்ணீர் அஞ்சலி. உன் பேர். அதற்குக் கீழே, யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று, சிவப்பு எழுத்தில் 'ரெண்டரை'. அவர்கள் அதைக் கேலியாகப் போடவில்லை, பிரியமாகத்தான் போட்டார்கள். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. மாலையைக் கூட யார் கையிலோ கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். எட்டு மாதமாகியும் யாரும் அதைக் கழற்றவில்லை. திருவொற்றியூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது தினமும் அந்த இடத்தில் குனிந்து கைப்பையில் எதையோ தேடுவேன்.

மறுபடி ஒரு கூட்டம் வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டேன். "அவங்களுக்கே அக்கறை இல்லையேம்மா, அன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு ஒருத்தராவது வந்தாங்களா?" என்றார். நான் விடவில்லை. இந்த மாதம்தான் ஒத்துக்கொண்டார்கள். நேரத்தை நானே வைத்தேன். நம் ஊர் நேரம் ரெண்டரை, அவர்களுக்கு மாலை ஐந்து. இன்வைட்டில் இரண்டையும் எழுதினேன். சிங்கப்பூருக்குப் போன் போட்டு வாயாலும் கேட்டேன். இப்போதெல்லாம் எந்த இன்வைட்டிலும் 'நம்ம ஊர் நேரம்' என்று எழுதாமல் என் விரல் அனுப்புகிற பொத்தானுக்குப் போவதில்லை. நான்கு பேருக்கு அனுப்பினேன், நான்கும் பச்சை. ஆனால் அறுபது வாசலுக்கு எந்தக் காலண்டரில் அனுப்புவது?

நேற்று நாலு மணிக்கு நானே போனேன். உன் நாத்தனார் வாசலில் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கூட்டம், ரெண்டரை மணிக்கு என்றேன். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"ஒரு ரெண்டரையைப் பாத்துட்டோம். போதும்மா."

 அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். சொல்லிவிட்டேன். மின்னஞ்சல், சிங்கப்பூர் நேரம், நான் பார்க்காமல் அடித்துக் கொடுத்த தாள், நீ அதை மடித்து ரவிக்கைக்குள் செருகியது, யாரும் வரவில்லை என்று போன அறிக்கை, எல்லாவற்றையும் சொன்னேன். வலையில் ஓடிக்கொண்டிருந்த அவள் கை நின்றுபோனது. உன் மகள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ செத்தப்புறம் வந்து சொல்றியே. உசுரோட இருக்கச் சொல்லோ எங்க போயிருந்தே நீ?"

"பயம். வேலை போயிடும்னு பயம்."

"இப்போ பயம் பூடுச்சா?"

"இல்ல. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

அவள் வலையைக் கீழே வைத்தாள். "எங்களாண்ட சொல்லிட்டே, சரி. எங்க மேலதான் தப்புன்னு எழுதி வெச்சானுங்களே, உன் தொரைங்க, அவனுங்க முன்னால சொல்லுவியா?"

"சொல்றேன்."

அவள் மறுபடி வலையை எடுத்துக்கொண்டாள். நான் எழுந்து அடுத்த வாசலுக்குப் போனேன். அறுபது வாசலிலும் நின்றேன். கூட்டத்தைச் சொல்வதற்கு முன் என் தப்பைச் சொன்னேன். கிராமத் தலைவர் எழுந்து உள்ளே போய்விட்டார். ஒரு கிழவி, "அடிப்பாவி, அவளை இன்னா பாடு படுத்தினோம்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சில வாசலில் "கேட்டுகினேன்" என்று வந்தது. பல வாசலில் ஒன்றும் வரவில்லை. கடைசி வீட்டை முடித்துத் திரும்பி வரும்போது உன் நாத்தனார் அதே இடத்தில் இருந்தாள். நான் தாண்டிப் போன பிறகு முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது. "கேட்டுகினேன்." அவ்வளவுதான். வருவார்களா, மாட்டார்களா? ராத்திரி முழுக்க ஒரு பொட்டுத் தூக்கமில்லை.

இன்று காலை ஆட்டோவில் வழக்கம்போலக் கைப்பையில் குனிந்தேன். ஏதோ தோன்றி நிமிர்ந்து பார்த்தேன். உன் ஃபிளெக்ஸில் சிவப்பு எழுத்து இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. ஆட்டோவை நிறுத்தி இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தேன். பசை இன்னும் ஈரமாக இருந்தது.

மணி ரெண்டே கால். டிங். மேனேஜர் வந்துவிட்டார். திரையில் சிங்கப்பூர்க்காரர்கள் இரண்டு பேர் முகமும் வந்துவிட்டது. மேனேஜர் காலி நாற்காலிகளைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "வரேன்னு சொன்னாங்களாம்மா?" என்றார். "கேட்டுகிட்டாங்க சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நிகழ்ச்சி நிரலைப் புரட்டி, "முதல்ல, 'சென்ற கூட்டம் பற்றி ஒரு திருத்தம்'னு போட்டிருக்கே, என்ன திருத்தம்?" என்றார். "நான் சொல்றேன் சார், எல்லாரும் வரட்டும்" என்றேன். அவசரத்தில் கிறுக்குகிறேன். இந்த வரி உனக்கே படிக்க வராது.

ரெண்டு இருபத்திரண்டு. வாசலிலிருந்து காவலாளி போனில் கூப்பிட்டார்.

"மேடம், ஒரு கும்பலே வந்து நிக்குது. எழுபது பேருக்கு மேல இருக்கும். ரிஜிஸ்தர்ல யார் கூப்பிட்டு வந்தீங்கன்னு எழுதணும். கேட்டா அத்தனை பேரும் ஒரே பேரைச் சொல்றாங்க. நம்மகிட்ட வேலை செஞ்சாங்களே, செத்துப்போனாங்களே, அவங்க பேரு. எழுதலாமா மேடம்?"

அவர் சொன்னது உன் முழுப்பெயர். ரேஷன் கார்டில் உள்ள பேர்.

"எழுதுங்க" என்றேன். "எழுபது வரியிலயும் எழுதுங்க."

படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. நாற்காலி பத்தாது, கேன்டீனிலிருந்து எடுத்துவரச் சொல்ல வேண்டும்.  காண்ட்ராக்ட் புதுப்பிக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஆனது ஆகட்டும். எழுந்து நிற்கப் போகிறேன். முதலில் என் தப்பு, அப்புறம் உன் சங்கு.

கேட்டுகினியா?